ஜீப் வரைக்கும் வந்து சொன்ன ஆட்சேபணை

டவுன் பிளானிங் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்திருக்கிற தம்பி தங்கைகளே, உங்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். என்னைவிடக் கெட்டிக்காரர்கள் அந்த ஆபீஸிலிருந்து ரிட்டையர் ஆகியிருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் வேறு வேலை இருப்பதால் இது என் தலையில் வந்து விழுந்திருக்கிறது. என் சர்வீஸ் முழுக்க எனக்கு வேலை வந்த விதமே அதுதான், பழகிவிட்டது.

பிளான் வரைவது எப்படி என்று நான் சொல்லப் போவதில்லை. அதை இப்போது கம்ப்யூட்டர் வரைகிறது. அந்தக் கம்ப்யூட்டரை ஆன் பண்ணவே எனக்கு ஆள் தேவைப்பட்டது. வரைந்த பிளானை ஒரு தெருவுக்குக் கொண்டுபோய்ச் சுவரில் மாட்டி, கூடியிருக்கிறவர்களைப் பார்த்து, "யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?" என்று கேட்கும் நாள் ஒன்று வரும். அந்த நாளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மற்றதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. இதைப் பற்றியும் கையேட்டில் ஒரு பக்கம் உண்டு. நானும் படித்தேன். படித்துவிட்டுத்தான் தப்புச் செய்தேன்.

முதலில் சின்னத் தப்பு. அப்போது எனக்கு இடுக்கியில் போஸ்டிங். சூரியநெல்லிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஹால். பிளானை மாட்ட வேண்டும். சுவர் சின்னது, பிளான் பெரியது. தலைப்பு எழுதியிருந்த பக்கத்தை மடித்துவிட்டு ஆணி அடித்தேன். காலையிலிருந்து ஜனங்கள் வந்தார்கள். வரிசையாக நின்று பார்த்தார்கள். சிலர் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்கள். எவ்வளவு அக்கறை என்று எனக்குப் பெருமை. ஒவ்வொருவரும் "நல்லா இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்கள். ஒரு ஆட்சேபணை இல்லை.

மத்தியானம் கொழுந்து பறிக்கிற ஒரு அக்கா வந்தார். கூடையை இறக்கி வைத்துவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"சார், எங்க லயத்து வீடுங்க மேட்டுல இருக்கு. நீங்க பள்ளத்துல போட்டிருக்கீங்க."

நானும் தலையைச் சாய்த்துப் பார்த்தேன். பிளான் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"காலையில இருந்து இத்தனை பேர் பாத்தாங்களேக்கா, ஒருத்தராவது சொல்லியிருக்கலாமே?"

"சாருங்க மாட்டுனா அதுக்கு ஒரு காரணம் இருக்கும்ல. லயத்தைத் தூக்கிக் கீழ வைக்கப் போறாங்களோன்னு வெளிய பேசிக்கிட்டுத்தான் இருக்காங்க. சரி, சட்டி பானையை முன்னாடியே கட்டி வைப்போம்னு வீட்டுக்குப் போனவங்களும் உண்டு."

இதில் உள்ள பாடம் உங்களுக்குப் புரிந்திருக்கும். எல்லாரும் நல்லா இருக்கு என்று சொன்னால் முதலில் பிளானைத் திருப்பிப் பாருங்கள். எனக்கும் புரிந்தது. அன்றிலிருந்து தலைப்புப் பக்கத்தை மடிப்பதேயில்லை. அவ்வளவுதான் கற்றுக்கொண்டேன். அந்த அக்கா எனக்குக் கொடுத்தது ஒரு மூட்டை, நான் எடுத்துக்கொண்டது ஒரு ஆணி.

இனிப் பெரிய தப்பு. இதைச் சிரித்துக்கொண்டே சொல்லப் பார்க்கிறேன். எங்காவது சிரிப்பு நின்றுவிட்டால் அதை என் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரிட்டையர் ஆவதற்குக் கொஞ்ச காலம் முன்பு என்னைப் பாலக்காட்டுக்கு மாற்றினார்கள். அந்த ஆபீஸில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த மற்ற எல்லாரும் மலையாளிகள். ஜில்லாவின் கிழக்கே தமிழ் பேசுகிற ஓரத்திலிருந்து எந்த ஃபைல் வந்தாலும் மேலதிகாரி என் மேஜைப் பக்கம் தள்ளிவிடுவார். "தமிழல்லே, நீ நோக்கிக்கோ" என்பார், தமிழ்தானே, நீயே பார்த்துக்கொள் என்று. நான் பீர்மேட்டில் ஒரு எஸ்டேட் லயத்தில் பிறந்தவன். என் தமிழ் திருநெல்வேலியிலிருந்து மலையேறிப் போய் அங்கேயே தங்கிவிட்ட தமிழ். அந்தக் கிழக்கு ஓரத்துக் கொல்லங்கோட்டில் பேசுவதோ கோயமுத்தூருக்குக் கூடப்பிறந்த தமிழ். முதல் நாள் அங்கே ஒரு டீக்கடையில் கலப்பு மண்டலம் என்றால் என்னவென்று கால் மணி நேரம் விளக்கினேன். கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு முழுசாகக் கேட்டார். கேட்டுவிட்டு மரியாதையாகச் சொன்னார்: "சாரு மலையாளத்துக்காரரா இருந்தாலும் தமிழு நல்லாப் பேசறீங்க."

அந்தக் கலப்பு மண்டலத்துக்கு வருகிறேன். எங்கள் பிளானில் வீடுகள் இருக்கும் இடம் மஞ்சள். கடைகள் இருக்கும் இடம் நீலம். மஞ்சளின் மேல் சாய்வாக நீலக் கோடுகள் இழுத்தால் வீடும் இருக்கலாம், கடையும் இருக்கலாம், மாடியும் எழுப்பலாம் என்று அர்த்தம். கொல்லங்கோட்டில் பஸ் போகிற ரோட்டை ஒட்டிய ஒரு தெருவுக்கு அந்த நீலக் கோடு போடுவதாக இருந்தது. தெருவின் பெயரைச் சொல்லவில்லை. அந்தப் பக்கம் இன்னும் டீ குடிக்கப் போக வேண்டியிருக்கிறது.

அந்தத் தெருவில் பாதி வீடுகளின் முன் அறை ஏற்கெனவே கடைதான். ஒன்றில் தையல், ஒன்றில் மாவு மில், ஒன்றில் கதீஜா அக்காவின் பலசரக்குக் கடை. மஞ்சள் மண்டலத்தில் கடை கூடாது என்று ஒவ்வொரு வருஷமும் லைசென்ஸ் புதுப்பிக்கும்போது பஞ்சாயத்தில் இழுத்தடிப்பார்கள். கதீஜா அக்கா பையை மடியில் வைத்துக்கொண்டு அந்த வராந்தாவில் உட்கார்ந்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். நீலக் கோடு விழுந்தால் அந்தக் காத்திருப்பு ஒழியும். நான் அந்தக் கோட்டுக்காக மேலதிகாரியிடம் வாதாடியவன். இப்போதும் சொல்கிறேன், பிளான் தப்பில்லை.

கதீஜா அக்கா ராவுத்தர் குடும்பம். புருஷன் இறந்த பிறகும் கடையைத் தனியாக நடத்திக்கொண்டிருந்தார். முன் அறை கடை, பின் அறையில் அடுப்பும் கட்டிலும். பல்பொடி, நோட்டுப் புத்தகம், நேந்திரங்காய், போன் ரீசார்ஜ் எல்லாம் கிடைக்கும். அந்த வழியாகப் போகிற மினி பஸ்ஸின் கண்டக்டர் தெருப் பெயரைச் சொல்லி ஸ்டாப் அறிவிக்க மாட்டார். "கதீஜா கடை, கதீஜா கடை எறங்கு" என்பார்.

அந்த இரண்டு அறையும் அவருக்குச் சொந்தமில்லை. கந்தசாமி என்கிற பெரியவரின் ஓட்டு வீட்டு வரிசையில் ஒன்று. கந்தசாமியைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள், கதை கெட்டுப்போகும். அந்த வரிசையில் யாரையும் அவர் காலி பண்ணச் சொன்னதில்லை. கதீஜா அவரை அண்ணா என்பார், அவர் கதீஜாவைப் புள்ளை என்பார்.

ஆட்சேபணை கேட்கிற ஹியரிங்கைக் கந்தசாமியின் வீட்டு வாசலிலேயே வைத்தோம். தெருவில் பந்தல் போடும் இடம் அது ஒன்றுதான். பிளாஸ்டிக் நாற்காலி, போண்டா, டீ. பிளானை நேராக மாட்டியிருந்தேன், இரண்டு தடவை சரிபார்த்தேன். தெருவே வந்திருந்தது. கதீஜா அக்கா சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் விளக்கினேன். என் மலைத் தமிழை அவர்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

"யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?"

போண்டாத் தட்டு ஒன்று வரிசையாகக் கை மாறிப் போனது.

"ஏனுங்க, சாரு கேக்கறாரில்ல? இருந்தாச் சொல்லுங்க. நம்ம தெருவுதான, கூச்சமென்ன?" என்று கந்தசாமியே எழுந்து கேட்டார்.

"நல்லதுதானுங்க, செய்யட்டுமுங்க" என்றார் மாவு மில்காரர். எல்லாரும் தலையாட்டினார்கள். கதீஜா அக்காவும் ஆட்டினார்.

"ஒரு ஆட்சேபணைகூட இல்லைன்னா நான் எதுக்குச் சம்பளம் வாங்கறேன்னு ஆபீஸ்ல கேப்பாங்களே" என்றேன். சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அந்தப் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. வந்தவரை வாசலோடு அனுப்ப மாட்டார்கள், வண்டி வரைக்கும் கூட வருவார்கள். வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு ஆளுக்கு ஒரு வார்த்தை பேசித்தான் ஏற்றிவிடுவார்கள். அன்றும் வந்தார்கள். ஒருவர் மாம்பழம் கொடுத்தார், ஒருவர் மகனின் வேலைக்குக் கேட்டார். எல்லாரும் விலகிய பிறகு கதீஜா அக்கா கிட்டே வந்தார். கந்தசாமி பந்தல்காரரிடம் பேசிக்கொண்டிருக்கிறாரா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"சார், அந்த நீலக் கோடு போட்டா மாடி கட்டலாமுங்களா?"

"தாராளமாக் கட்டலாம்க்கா."

"அண்ணன் பசங்க ரெண்டு பேரும் இப்பவே கேட்டுட்டு இருக்கறாங்க. கோடு வந்தா ஓட்டைப் பிரிச்சிருவாங்க. அப்ப வாடகைக்கு இருக்கறவங்க?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது எனக்குப் பத்துப் பதில் தெரியும். அன்றைக்கு வாயில் வந்தது வேறு.

"உங்க கடைக்கு லிஃப்ட் வச்சுத் தரச் சொல்லுவோம்க்கா."

அவர் சிரித்தார். சர்க்கார் ஆள் ஜோக் அடித்தால் சிரித்துத்தானே ஆக வேண்டும். சிரித்து முடித்துவிட்டு, குரலை இறக்கிச் சொன்னார்: "எனக்கு அந்த ரெண்டு அறையை விட்டா வேற எடமில்லைங்க சார். எம் பேரு வேண்டாம். வாடகைக்கு இருக்கறவங்க என்ன ஆவாங்கன்னு ஒரு வரி மட்டும் நீங்க எழுதி வைங்க."

"பேரில்லாத ஆட்சேபணையை எங்க ஆபீஸ்ல எடுத்துக்க மாட்டாங்கக்கா. ஒரு வாரம் டைம் இருக்கு. மனுவா எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டாங்க, நான் பாத்துக்கறேன்."

அவர் தலையாட்டினார். பந்தலில் ஆட்டிய அதே தலையாட்டல்.

எங்கள் ஜீப்பின் டிரைவர் பாலக்காட்டை அடுத்த சித்தூர்க்காரர், என் வயசுதான். ரோடு ஏறியதும் கேட்டார்.

"சாரே, அந்தக்கா சொன்னதை எழுதிட்டீங்களா?"

"மீட்டிங் முடிஞ்சு போச்சேப்பா."

"மீட்டிங்கு இப்பத்தானுங்க நடந்துச்சு. உள்ள நடந்தது விருந்துங்க."

"டிரைவருக்கு ஹியரிங் எடுக்கிற அதிகாரம் எப்பக் கொடுத்தாங்க?"

"கொடுக்கலைங்க. ஆனா இத்தனை வருசமா வண்டி ஓட்டறேன், ஒரு ஆட்சேபணையைப் பந்தலுக்குள்ள கேட்டதில்லை. எல்லாம் டயருக்குப் பக்கத்துலதானுங்க. நீங்க ஏறி உக்காந்து கதவைச் சாத்திக்கறீங்க. நான் கேட்டுட்டு நிக்கறேன்."

அவரை அன்றைக்குக் கிண்டல் பண்ணினேன். நம் வேலையை எனக்குச் சரியாகச் சொல்லிக்கொடுத்த ஆள் அவர் ஒருவர்தான். அவருக்குப் பிளானைப் படிக்கத் தெரியாது. மடிக்க மட்டும் தெரியும்.

மனுவுக்கான கடைசி நாளன்று கதீஜா அக்கா ஆபீஸுக்கே வந்துவிட்டார். கொல்லங்கோட்டிலிருந்து பஸ் பிடித்து, படியேறி, என் மேஜைக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்தார். கையில் நாலாக மடித்த காகிதம். யாரோ பள்ளிக்கூடம் போகிற பிள்ளையிடம் சொல்லி எழுதி வாங்கியிருந்தார். வட்ட வட்டமான எழுத்து. எல்லாம் சரியாக இருந்தது. அடியில் கையெழுத்து மட்டும் இல்லை.

பேனாவை நீட்டினேன். வாங்கிக்கொண்டார். மூடியைக் கழற்றினார்.

"இதை அண்ணன் பாப்பாருங்களா?"

"இடத்தோட சொந்தக்காரர்ங்கறதால அவருக்கு ஒரு காப்பி போகும்க்கா."

"எங்க ஊட்டுக்காரரு மௌத்தானப்ப சொந்தக்காரங்க வந்து சேரற வரைக்கும் வாசல்ல நின்னவருங்க அவரு. அவரு மகளுக்குப் பிரசவம்னு ஆஸ்பத்திரியில மூணு நாள் நான்தான் கூட இருந்தேன். அவரு பேருக்கு எதிரா எம் பேரை ஒரே காயிதத்துல எழுதறதுங்களா?"

"எதிரா ஒண்ணும் இல்லக்கா. ஆட்சேபணைன்னா சும்மா ஒரு..." என்று ஆரம்பித்தேன்.

அவர் பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார். காகிதத்தை மறுபடி நாலாக மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். "வரட்டுங்களா சார், பஸ்ஸு போயிரும்" என்று எழுந்தார். நான் வாசல் வரைக்கும்கூடப் போகவில்லை.

அவர் படி இறங்கிக்கொண்டிருக்கும்போதே மேலதிகாரியின் போன். மறுநாள் காலையில் கமிட்டி. "எல்லாம் கிளியர் அல்லே? தமிழ் ஏரியாவில் நம்ம ஆள் இருந்தா ஒரு பிரச்சினையும் வராதுன்னு மேலே சொல்லி வச்சிருக்கேன்."

இப்போது ஒரு ரகசியம் சொல்கிறேன். ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் 'களக் குறிப்பு' என்று ஒரு இடம் உண்டு. போய்ப் பார்த்த அதிகாரி தன் கண்ணில் பட்டதை, காதில் விழுந்ததைத் தன் சொந்தப் பொறுப்பில் எழுத வேண்டிய இடம். அதற்கு யார் பெயரும் வேண்டாம், யார் கையெழுத்தும் வேண்டாம், என் கையெழுத்து போதும். பேரில்லாமல் எடுக்க மாட்டார்கள் என்று நான் அக்காவிடம் சொன்னது முழுப் பொய் இல்லை. அந்தப் பக்கத்தை மறந்துவிட்டுச் சொன்ன உண்மை. அன்று சாயங்காலம் அந்தப் பக்கம் என் முன்னாலேயே திறந்து கிடந்தது. அப்போது மறதியும் இல்லை.

'இத்தெருவில் வாடகை வீட்டிலேயே குடியிருந்து கடை நடத்துவோர் உள்ளனர். வீடுகள் இடிக்கப்பட்டால் அவர்களுக்கு வேறு இடமில்லை.' எழுத இரண்டு நிமிஷம் ஆகாது. எழுதினால் கமிட்டி கேள்வி கேட்கும். ஃபைல் திரும்பி வரும், மறுபடி ஹியரிங், மறுபடி போண்டா. 'ஆட்சேபணை இல்லை' என்று வரிசையாகப் போய்க்கொண்டிருந்த என் ஃபைல்களில் முதல் கறை விழும். அந்த வரிசையைப் பற்றி எனக்கு இருந்த கர்வத்தை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. டீ இடைவேளையில் அதைச் சொல்லிச் சொல்லியே கூட வேலை செய்கிறவர்களைத் துரத்தியிருக்கிறேன்.

முந்தைய தெருவுக்குக் களக் குறிப்பில் 'பொதுவாக வரவேற்பு' என்று எழுதியிருந்தேன். இந்தத் தெருவுக்கு நேரே 'மேற்படி' என்று எழுதினேன்.

நான் லயத்தில் பிறந்தவன் என்று சொன்னேன் அல்லவா? அப்பா எஸ்டேட்டில் ரிட்டையர் ஆனதும் வீட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். அது எஸ்டேட் வீடு, வேலை போனால் வீடும் போகும். அம்மா அடுப்பை மெழுகி வைத்துவிட்டுச் சாவியைக் கொடுத்தாள். இந்தக் கதையை ஹியரிங்குகளில் நான் அடிக்கடி சொல்வதுண்டு. "உங்க கஷ்டம் எனக்குத் தெரியும்" என்று ஆரம்பித்துச் சொன்னால் கூட்டம் நெருங்கி உட்காரும். கந்தசாமி பந்தலிலும் சொன்னேன். கதீஜா அக்கா அதைக் கேட்டுவிட்டுத்தான் ஜீப் வரைக்கும் வந்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.

பிளான் பாஸானது. நீலக் கோடு விழுந்தது. நான் ரிட்டையர் ஆனேன். வழியனுப்பு விழாவில் மேலதிகாரி என் ஆட்சேபணையில்லாத ஃபைல்களைப் பாராட்டிப் பேசினார். டிரைவர் பின்வரிசையில் மிக்சர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், நிமிர்ந்து பார்க்கவில்லை.

டிரைவரும் ரிட்டையர் ஆகி ஒரு ஆட்டோ வாங்கினார். போன வருஷம் ஒருநாள் கூப்பிட்டார். "சார், ஊட்டுல சும்மாதான இருக்கறீங்க? கொல்லங்கோடு வரைக்கும் ஒரு சவாரி இருக்குது, வாங்க." சவாரி யார் என்று கேட்டேன். "நீங்கதானுங்க."

தெரு நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். மாவு மில் பெரிதாகிவிட்டது, தையல்காரர் போர்டு வைத்திருந்தார். கந்தசாமியின் ஓட்டு வரிசை இருந்த இடத்தில் மூன்று மாடி. கீழே ஒரு பேக்கரி, ஒரு மொபைல் கடை. நாங்கள் நின்றுகொண்டிருக்கும்போதே மினி பஸ் வந்தது. "கதீஜா கடை, கதீஜா கடை எறங்கு" என்றார் கண்டக்டர். பேக்கரி முன்னால் நாலு பேர் இறங்கினார்கள்.

கந்தசாமி மேல் மாடியில் இருந்தார். முழங்கால் வலி, இறங்குவதே இல்லையாம். லிஃப்ட் வைக்கவில்லை. எங்களைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டார். டீ வந்தது. கதீஜாவைப் பற்றி நான் கேட்கவில்லை, அவராகவே எடுத்தார்.

"புதுநகரத்துல தங்கச்சி ஊட்டுல இருக்கறாளுங்க. பசங்க கட்டடம் கட்டணும்னு நின்னப்ப நான்தான் அவகிட்ட எப்படிச் சொல்றதுன்னு ஒரு மாசம் தள்ளிப் போட்டேன். சொன்னதும் 'சந்தோசமுங்கண்ணா, எனக்கும் தங்கச்சி கூடப் போயி இருக்கணும்னுதான் இருந்துச்சு'ன்னு சிரிச்சுட்டே போயிட்டா. அவளுக்கே இங்க இருக்கப் பிடிக்கலையோன்னு நினைச்சுட்டேனுங்க. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, கீழ ஒரு அறை அவளுக்குன்னு ஒதுக்கிட்டுத்தான எஞ்சினியரைக் கூப்பிட்டிருப்பேன்? நீங்க கூட்டத்துல அத்தனை தடவை கேட்டீங்க, நானும் கேட்டேன். வாயே தொறக்கலையே."

டீயைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "உங்ககிட்டயாச்சும் ஏதாவது சொன்னாளுங்களா சார்?"

தம்பி தங்கைகளே, அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதில் இது: "ஞாபகமில்லைங்க."

டிரைவர் இருமினார். அவருக்குச் சளி எதுவும் இல்லை.

மாடியில் இருக்கிறவர் காதில் ஒரு வார்த்தை விழுந்திருந்தால் போதும். கீழே குடியிருந்தவரால் அந்த வார்த்தையை முகத்துக்கு நேரே சொல்ல முடியாது. ஒரு காகிதம் சொல்லியிருந்தால் இரண்டு பேருக்கும் முகம் கோணியிருக்காது. சர்க்கார்க்காரன் எழுதிவிட்டான், என்ன செய்வது என்று இரண்டு பேரும் சேர்ந்து என்னைத் திட்டிக்கொண்டே ஒரு அறையை ஒதுக்கியிருப்பார்கள். திட்டு வாங்குவதற்குத்தான் எனக்குச் சம்பளம். அன்றைக்குப் பந்தலில் ஜோக்காகக் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்.

ஆகவே ஹியரிங் முடிந்ததும் வண்டியில் ஏறாதீர்கள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எதையாவது தொலைத்தவர் மாதிரி நில்லுங்கள். குடையைத் தேடுங்கள், செருப்பில் கல் மாட்டியிருக்கிறது என்று குனியுங்கள். கடைசியாக வருகிறவர் சொல்வதைக் கேளுங்கள். அவர் பேசும்போது ஜோக் அடிக்காதீர்கள், உங்களுக்கு எவ்வளவு நல்ல ஜோக் தோன்றினாலும் சரி. ஆபீஸுக்கு வந்ததும் அந்தக் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். உங்களுக்குக் கெட்ட பெயர் வரும். வரட்டும், அது ஒரு டீ இடைவேளை வரைக்கும்தான் நிற்கும்.

கந்தசாமியைப் பார்த்த அன்றைக்கே நானும் டிரைவரும் புதுநகரம் போனோம். கதீஜா அக்கா தங்கை வீட்டுச் சமையலறையில் இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்தார். சுற்று வட்டாரத்துக்கு ஆர்டர் எடுத்துச் செய்கிறார். "வாங்க சார், வாங்க டிரைவரண்ணா" என்று கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். உட்கார வைத்து, இடியாப்பமும் தேங்காய்ப் பாலும் கொடுத்தார். என் பென்ஷன் வருகிறதா என்று விசாரித்தார். கந்தசாமியின் முழங்காலுக்கு என்ன தைலம் போடுகிறார்கள் என்று கேட்டார்.

"அக்கா, அன்னைக்கு நீங்க சொன்னதை நான் எழுதியிருக்கணும்" என்றேன்.

"அதுக்கென்னங்க சார். நல்லாத்தான இருக்கறேன்" என்றார். "இன்னும் ரெண்டு வைக்கட்டுங்களா?"

வைத்தார். சாப்பிட்டேன். பிறகு எழுந்து வெளியே வந்தோம். ஆட்டோ தெரு முனையில் நின்றது, பத்துப் பதினைந்து அடி தூரம். கதீஜா அக்கா நிலைப்படி வரைக்கும் வந்தார். "போயிட்டு வாங்க சார்" என்று சொல்லிவிட்டு நிலைப்படியிலேயே நின்றார்.

நான் ஆட்டோவுக்குப் போய் உட்காரவில்லை. வெளியே நின்றேன். குடையைத் தேடினேன், செருப்பைக் கழற்றிக் கல் இருக்கிறதா என்று பார்த்தேன். டிரைவரும் புரிந்துகொண்டு, வண்டியை எடுக்காமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். முன் கண்ணாடியைத் துடைத்தார், பக்கத்துக் கண்ணாடியைத் துடைத்தார்.

கதீஜா அக்கா அங்கிருந்தே கையை அசைத்தார். அப்புறம் உள்ளே அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.